கெட் கார்ட்டர்: மூன்று வட்டில் எது?

'கெட் கார்ட்டர்' (1971) படத்தை மூன்று தடவை வாங்கிவிட்டேன். டிவிடி ஒன்று, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2022இல் வெளியிட்ட ப்ளூரே ஒன்று, அதே வெளியீட்டின் 4கே யூஹெச்டி (ப்ளூரேக்கு அடுத்த தலைமுறை வட்டு) ஒன்று. ஒரே படத்துக்கு எதற்கு மூன்று என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

லண்டன் அடியாள் ஜாக் கார்ட்டர், உடன்பிறந்தவனின் சாவுக்காக நியூகாசிலுக்கு ரயில் ஏறுகிறான். போன இடத்தில் சாவு எப்படி நடந்தது என்று துருவ ஆரம்பிக்கிறான். கார்ட்டராக வரும் மைக்கேல் கெய்ன் சிரிக்கிற இடங்கள்கூடப் பயமாக இருக்கும். இயக்குநர் மைக் ஹாட்ஜஸுக்கு இதுதான் முதல் சினிமா. ராய் பட்டின் தொடக்க இசையில் தபலா ஒலிப்பதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை.

டிவிடி மலிவு. பிரிட்டனில் வந்த, 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கான வட்டு என்பதால் நொடிக்கு 24 ஃபிரேம் என்பது 25 ஆக ஓடும். 112 நிமிடப் படம் நாலரை நிமிடம் சுருங்கிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கடைசிக் காட்சியைத்தான் முடியவில்லை. பிளாக்ஹால் கடற்கரையில் வாளி வாளியாக நிலக்கரிக் கழிவு கம்பியில் தொங்கிப்போய்க் கடலில் கொட்டும். டிவிடியில் கரி, மணல், அலை மூன்றும் ஒரே சாம்பல் கூழ். ஒளிப்பதிவாளர் வொல்ஃப்காங் சுஷிட்ஸ்கி ஆவணப்படங்களில் ஊறியவர். அவர் பார்த்துப் பார்த்து எடுத்த அழுக்கு நமக்குத் தெரிய வேண்டாமா?

2022 வெளியீட்டில் அது தெரிகிறது. மூல நெகட்டிவிலிருந்து 4கேயில் மீட்டெடுத்து, ஹாட்ஜஸே பார்த்து ஒப்புதல் தந்த பிரதி. அவர் அந்த டிசம்பரிலேயே காலமானார். ஈர மணலில் கரித்தூள் தனியாகப் பிரிந்து நிற்கிறது. படத்தில் வரும் கேட்ஸ்ஹெட் ஊரின் கான்கிரீட் கார் பார்க்கை 2010இல் இடித்துவிட்டார்கள். இனி இப்படித்தான் பார்க்க முடியும்.

அப்புறம் ஏன் ப்ளூரேயோடு நிறுத்தவில்லை? என் பிளேயரில் அது ஓடவில்லை, அதுதான் காரணம். ப்ளூரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிரிட்டன் பி, இந்தியா சி. இங்கே வாங்கிய பிஎஸ்5 கேம் கன்சோலில் வட்டைப் போட்டேன், துப்பிவிட்டது. அட்டையின் பின்னால் சின்னதாக 'பி' என்று அச்சிட்டே இருந்தார்கள். பார்க்காதது என் தப்பு. டிவிடிக்கும் மண்டலம் உண்டு, ஆனால் நம்மூர் டிவிடி பிளேயர்களில் பல அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. ப்ளூரேயில் அந்தத் தாராளம் கிடையாது. மண்டலம் பார்க்காத ப்ளூரே பிளேயர் தேடி வாங்கலாம்தான். ஒரு வட்டுக்காக அந்தச் செலவு எனக்கு மனசு வரவில்லை.

யூஹெச்டி வட்டுகளுக்கு மண்டலமே இல்லை. லண்டனில் வாங்கியது நம் வீட்டிலும் ஓடும். அதனால் என் ஓட்டு அதற்குத்தான், விலை கூடுதலாக இருந்தாலும். ஹாட்ஜஸ், கெய்ன், சுஷிட்ஸ்கி மூவரும் படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் பழைய வர்ணனையும் இதில் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: யூஹெச்டி பெட்டிகளில் கூடவே சாதாரண ப்ளூரே வட்டு வந்தால், அதற்கு இந்தச் சலுகை பொருந்தாது.

படத்தின் தரத்தில் யூஹெச்டிக்கும் ப்ளூரேக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்றைத்தான் ஓட்டியே பார்த்தேன், அதுவும் 43 அங்குல டிவியில்.

ஓடாத ப்ளூரேயை லீட்ஸில் படிக்கும் அக்கா மகனிடம் கொடுத்தனுப்பினேன். போய் இரண்டு மாதம் கழித்து போன் செய்கிறான்: "மாமா, என்கிட்ட வட்டு போடுற மெஷினே இல்லையே!"