1968 ஷெவெல் எஸ்.எஸ். 396: ஐ-10 சாலையில் சில ஆண்டுகள்

சான் அன்டோனியோவில் கிளம்பி எல் பாசோ வரை போகும் ஐ-10 சாலை ஏறக்குறைய 550 மைல். மேற்கு டெக்சஸுக்குள் நுழைந்ததும் வேக வரம்பு மணிக்கு 80 மைல், அதாவது கிட்டத்தட்ட 129 கிலோமீட்டர். என்னுடைய செவர்லே ஷெவெல் இந்தச் சாலையில் குடும்பத்தோடு நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை. கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்துவதற்காக நான் இதை வாங்கவில்லை. சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதை ஓட்டிப் பார்த்து, இப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். பழைய மசில் கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு வெளியே எடுக்கத் தயங்குபவர்களுக்கும் இது பயன்படும்.

நடுத்தர அளவு உடலுக்குள் பெரிய இன்ஜினைப் பொருத்தி, இளைஞர்களுக்கு எட்டும் விலையில் விற்றதுதான் அந்தக் காலத்து மசில் கார். என் வண்டியில் இருப்பது 396 கன அங்குல வி8, அதாவது 6.5 லிட்டர். ஃபேக்டரி கணக்கில் 325 குதிரைத் திறன். அது ஏர் கிளீனர், சைலன்சர் எல்லாம் கழற்றி, இன்ஜினை மட்டும் தனியாக ஓட்டி அளந்த எண். 1972 முதல் அளக்கும் முறையே மாறிவிட்டதால் இன்றைய கார்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பலம் போதவில்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குறை முழுக்க கியரில்தான்.

நான்கு கியர் மன்ஸி கியர்பாக்ஸ், பின் ஆக்சிலில் 3.73 விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.73 முறை சுற்ற வேண்டும். நான்காவது கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் போட கியர் இல்லை. 26 அங்குல உயர டயரில் 70 மைல் வேகத்துக்கே இன்ஜின் நிமிடத்துக்கு 3370 சுற்று சுற்றும், 80 மைலுக்கு 3850. கணக்கு எளிது: மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் உயரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். விடை 3000-க்கு மேல் வந்தால் பாதி நோய் அதுதான். இரைச்சல், சூடு, பெட்ரோல் செலவு, இறங்கிய பிறகும் காதில் நிற்கும் ரீங்காரம் எல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்தே வருகின்றன.

இதற்கு வழிகள் உண்டு. ஆக்சிலை 3.08 அல்லது 2.73 என்று மாற்றினால் செலவு குறைவு. ஆனால் நின்ற இடத்திலிருந்து பாயும் அந்தச் சுகம் போய்விடும். அதற்காகத்தானே இந்தக் காரை வாங்குகிறோம்? கியர்பாக்ஸுக்குப் பின்னால் கியர் வெண்டர்ஸ் கம்பெனியின் ஓவர்டிரைவ் (இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) பொருத்தினால் பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், விகிதம் 0.78 கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களுக்கு ஜி.எம்.மின் (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) 700ஆர்4, 200-4ஆர் பெட்டிகள் இரண்டும் நன்கு தெரிந்த பாதை. நான் தேர்ந்தெடுத்தது டிரெமெக் டி.கே.எக்ஸ் ஐந்து கியர் பெட்டி. ஐந்தாவது கியர் 0.68. 600 பவுண்டு-அடி முறுக்கு விசை தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. நான் இதில் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் அதன் ஒடுங்கிய உடல்: தரைத் தகட்டை வெட்டாமலே உட்கார்ந்தது. நாளை யாராவது பழையபடி மாற்ற நினைத்தாலும் முடிய வேண்டும். இந்தக் காரில் எதை மாற்றினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அது.

பொருத்தும்போது பலரும் தாண்டிப் போகும் ஒரு வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெல் ஹவுசிங் என்கிற அந்த மணி வடிவக் கூடு, கிராங்க் ஷாஃப்ட்டின் மையத்துக்கு நேராக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜைக் காந்தத்தால் ஒட்டி, ஊசியைக் கூட்டின் நடு ஓட்டையின் விளிம்பில் படவைத்து, கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஊசியின் ஆட்டம் 0.005 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். என்னுடையதில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆடியது. பழைய ஜி.எம். பாகங்களில் இது சகஜம். பழைய மன்ஸி அதைப் பொறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, புதிய பெட்டி பொறுக்காது: கியர் மாற்றும்போது அடம்பிடிக்கும், பேரிங் சீக்கிரம் போகும். மையம் விலகிய டவல் பின்களை (கூட்டை இன்ஜினில் இடம் பிடித்து நிறுத்தும் முளைகள்) போட்டு, திருப்பித் திருப்பி அளந்து, ஊசி கிட்டத்தட்ட அசையாமல் நின்றபோது ஒரு சனிக்கிழமையே போயிருந்தது. மெக்கானிக்கிடம் கொடுப்பவர்கள், இதை அளந்தீர்களா என்று கேட்டு அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு. கிட் விற்ற கடை அனுப்பிய கிராஸ்மெம்பர் (பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), பெட்டியின் வாலை வேண்டியதைவிடக் கீழே இறக்கி வைத்தது. 65 மைல் வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். போன் செய்தால் டயரைப் பேலன்ஸ் செய்யச் சொன்னார்கள். டயரில் ஒன்றும் இல்லை. கியர்பாக்ஸ் பக்கமும் ஆக்சில் பக்கமும் யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணங்கள் ஒன்றுக்கொன்று சமமாக, எதிர்த் திசையில், மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆங்கிள் கேஜ் வைத்துப் பார்த்து, மவுன்ட்டுக்கு அடியில் தகடு கொடுத்து உயர்த்தியதும் நடுக்கம் நின்றது. பெட்டி, கிளட்ச், ஷாஃப்ட், மற்ற சில்லறைச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து ஐயாயிரம் டாலரைத் தாண்டியது. சின்னத் தொகை இல்லை. ஆனால் இந்தக் காருக்கு நான் செய்த செலவுகளில் இவ்வளவு திருப்தி தந்தது வேறு எதுவும் இல்லை.

இப்போது 70 மைலுக்கு 2290 சுற்று, 80-க்கு 2620. இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. பின் இருக்கையில் மகள் தூங்குகிறாள், முன்னால் நானும் மனைவியும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போகிறோம். முன்பு காலனுக்கு 11, 12 மைல் கொடுத்த வண்டி இப்போது 15-ஐத் தாண்டுகிறது. டேங்க் 20 காலன். ஃபோர்ட் ஸ்டாக்டனுக்கும் வான் ஹார்னுக்கும் நடுவே சுமார் 120 மைல் வெறும் பொட்டல். அங்கே பெட்ரோல் முள்ளைப் பார்க்காமல் ஓட்ட முடிகிறது என்பதே பெரிய விடுதலை. ஒன்று சொல்ல வேண்டும்: 3.73 ஆக்சிலோடு 2.87 முதல் கியர் ரொம்பக் குட்டை, கிளம்பிய உடனே இரண்டாவது போட்டாக வேண்டும். 3.31 ஆக்சில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி இன்னும் அழகாகப் பொருந்தும். பெரிய ரேஸ் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட இன்ஜின்களுக்கு 0.68 ஒத்துவராது. 2000 சுற்றில் திணறும், அவர்கள் 0.81 உள்ள பெட்டியை வாங்கலாம்.

கார்புரேட்டரை நான் மாற்றவில்லை. எல்லோரும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் போடச் சொல்கிறார்கள். ஆனால் இதில் இருக்கும் ரோசெஸ்டர் குவாட்ராஜெட்டின் முன் இரண்டு துளைகளும் சிறியவை, நெடுஞ்சாலையில் அந்த இரண்டு மட்டுமே திறந்திருக்கும். சரியாக டியூன் செய்தால் அது சிக்கனமான கார்புரேட்டர், கெட்ட பெயர் எல்லாம் தெரியாத கைகளால் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸை (லேசான மிதியில் ஸ்பார்க்கை முன்கூட்டியே தரும் அமைப்பு) யாராவது கழற்றி அடைத்து வைத்திருந்தால் முதலில் அதைத் திரும்பப் பொருத்துங்கள். லேசான மிதியில் ஓடும்போது அது இல்லாவிட்டால் பெட்ரோலும் வீண், சூடும் கூடும்.

பிரேக் விஷயத்தில் பேரம் கிடையாது. 1968-இல் இந்த மாடலுக்கு நான்கு பக்கமும் 9.5 அங்குல டிரம்தான், முன் டிஸ்க் கூடுதல் காசுக்கு. 80 மைலில் இருந்து ஒருமுறை அழுத்தி நிறுத்தினால் டிரம் சூடேறி அடுத்த முறை கைவிடும். முன்னால் 11 அங்குல டிஸ்க், அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டர், முன்-பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் புரொபோர்ஷனிங் வால்வ் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். கியர்பாக்ஸுக்கு முன்பே செய்த வேலை இது, அந்த வரிசையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஸ்டீயரிங்கில் பெரிய மாற்றத்தைத் தந்தது புதுச் சாமான் எதுவும் இல்லை, அலைன்மென்ட்தான். அந்தக் காலத்து அளவுகள் பயாஸ்-பிளை என்கிற பழைய குறுக்கு இழை டயருக்காக எழுதியவை. ரேடியல் டயர் போட்டுவிட்டு அதே அளவில் வைத்தால் வண்டி பாதையில் நிலைக்காமல் அலையும், கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கேஸ்டரை (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) நான்கு டிகிரி பாசிட்டிவுக்குக் கொண்டுபோனதும் லாரிகள் தாண்டிப் போகும் காற்றடியில்கூட நேராக நிற்கிறது. மேல் கன்ட்ரோல் ஆர்மை மாற்றாமல் அவ்வளவு கேஸ்டர் வராது, அந்தச் செலவு உண்டு.

வெயிலைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். டெக்சஸ் கோடையில் 38 டிகிரி செல்சியஸ் சாதாரணம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் குறை ஃபேனிலோ அதைச் சுற்றியுள்ள ஷ்ரவுடிலோ இருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டர் போதவில்லை, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கண்ட சாமானையும் வாங்கக் கூடாது. ஏசிக்கு எங்கள் ஊர்க் கம்பெனியான விண்டேஜ் ஏர் செட்டைப் போட்டேன். 1976 முதல் பழைய கார்களுக்கு ஏசி செய்பவர்கள். குளிர்ச்சி நிறைவாக இருக்கிறது, அதற்காக ஆல்டர்னேட்டரையும் பெரிதாக்க வேண்டியிருந்தது.

இன்னும் தீராதது சைலன்சரின் முழக்கம். சுற்று குறைந்ததும் சத்தம் போனது உண்மை, ஆனால் 2000-ஐ ஒட்டி ஒரு அடித்தொண்டை உறுமல் கேபினுக்குள் தங்குகிறது. தரைக்கு பியூட்டைல் ஷீட் ஒட்டி, கதவு ரப்பர்களையும் சின்ன முக்கோணக் கண்ணாடிகளின் ரப்பரையும் புதிதாக்கியதில் காற்றுச் சத்தம் அடங்கியது. உறுமல் அடங்கவில்லை. அந்த அலைவரிசையை மட்டும் அடக்கும் பக்கக் குழாய் ஒன்றை எக்ஸாஸ்டில் பற்றவைக்கப் போகிறேன்.

இருக்கையும் பெல்ட்டும் மிச்சம். தலைத் தாங்கி அமெரிக்காவில் கட்டாயமானது 1969 ஜனவரியில்தான், என் காரின் இருக்கைகளில் அது இல்லை. இந்தக் குளிர்காலத்தில் முன் இருக்கைகளுக்குத் தலைத் தாங்கியும் மூன்று முனை பெல்ட்டும் போட்டுவிட்டுத்தான் அடுத்த எல் பாசோ பயணம்.