தள்ளாத வயதுக்கு எது நல்லது: நடையா, நாற்காலியா, கும்மியா?

என் அத்தைக்கு 78 வயது, ஊர் திருவிடைமருதூர். போன ஆடியில் வாசல்படி இறங்கும்போது தடுமாறி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் பயம் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து திண்ணையோடு சரி. பயந்து உட்கார்ந்தால் கால் வலு குறையும், வலு குறைந்தால் மறுபடி தடுமாறும். தள்ளாமை இப்படித்தான் கூடுகிறது. அவருக்காக நாங்கள் செய்து பார்த்த வழிகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

எல்லோரும் முதலில் சொல்வது நடை. 'திருவிடைமருதூர் தெருவழகு' என்று சொலவடையே உண்டு, நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை நல்லது. ஆனால் ஏற்கெனவே விழுந்தவருக்கு அது மட்டும் போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பு 108 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. உடற்பயிற்சி செய்தால் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது, சமநிலைப் பயிற்சியோடு வலுப் பயிற்சியும் சேர்ந்தால் 34 சதவீதம் வரை குறைகிறது என்கிறது அது. நடையைப் பற்றி அதனால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நடனத்தைப் பற்றியும் அப்படியே. சிட்னியில் 23 முதியோர் குடியிருப்புகளில் 530 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு நடன வகுப்புக்குப் பிறகும் விழுவது குறையவில்லை. கும்மியின் பக்கம் சாய்கிற நான் இதை மறைக்கக் கூடாது.

சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சிதான் பலன் தருகிறது என்றால், நாற்காலிப் பயிற்சியின் பலம் அங்கேதான். கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் சற்று நிற்பது: பார்க்க எளிது, தொடையும் கெண்டைக்காலும் நன்றாக வேலை செய்யும். நியூசிலாந்தில் உருவான ஒடாகோ பயிற்சியும் வீட்டிலேயே செய்கிற இதே மாதிரியான கால்வலு, சமநிலைப் பயிற்சிதான். சிக்கல் என்னவென்றால், அத்தை மூன்றே நாளில் நிறுத்திவிட்டார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளையாடா நான், எழு உட்காருன்னு சொல்ல?" என்றார். செய்யாமல் விட்ட பயிற்சியால் என்ன பலன்?

அப்புறம்தான் கும்மி. நடவுப் பாட்டும் கும்மியும் அவர் சிறுவயதிலிருந்தே பழகியவை, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு அடி பக்கவாட்டில் வைத்து, மறு காலைச் சேர்த்து, தட்டும்போது உடல் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிறது. சமநிலைக்கு வேண்டிய வேலையே அதுதான். பாடிக்கொண்டே அடி வைப்பதால் மனதுக்கும் வேலை. வட்டமாக நிற்பதால் பக்கத்தில் ஆள் இருக்கும். பயம் விலக அது பெரிய துணை.

ஆனால் வயல்வரப்பில் ஆடிய கும்மியை அப்படியே ஆட விடக் கூடாது. குனிந்து தட்டி நிமிர்ந்தால் தலை சுற்றும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோருக்கு இன்னும் கவனம் வேண்டும். அதனால் கை தட்டுவது மார்பு உயரத்தில் மட்டும். சுழற்சி வேண்டாம், திரும்பும்போதுதான் கால் பின்னும். ஈரத் தரை கூடாது, ஆளுக்கொரு நாற்காலி பின்னால் இருக்க வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம்.

கோலாட்டத்தை நின்று ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு கையிலும் கோல் இருந்தால் தடுமாறும்போது எதைப் பிடிப்பது? எதிரெதிரே உட்கார்ந்து தட்டினால் தோளுக்கும் கண்-கை இசைவுக்கும் அருமையான பயிற்சி. முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடும் பரதத்தின் அரைமண்டி, தேய்ந்த முட்டிக்கு ஆகாது.

கடைசியில் நாற்காலியையும் கும்மியையும் சேர்த்துவிட்டோம். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழ முடிகிறவர் நின்று ஆடலாம், முடியாதவர் உட்கார்ந்தே தட்டலாம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. பாட்டின் ஒவ்வொரு அடி முடிவிலும் ஒருமுறை எழுந்து உட்காருவது என்று வைத்தோம், அத்தை இப்போது அதைப் பயிற்சியாகவே நினைப்பதில்லை. வாரம் மூன்று நாள், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு இருபது நிமிடம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவால் எழ முடியாது. அவர் நாற்காலியில் இருந்தபடியே காலைத் தூக்கி வைத்துத் தட்டுகிறார், பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான்.