நாலு வருஷமாக ஆடுகிறேன்: கண்டுபிடிக்கும் கணினியும் ஒளித்துவைக்கத் தெரியாத கணினியும்

முதலில் சிக்கியது அகினேட்டரில். 2007-இல் பிரான்ஸில் உருவான விளையாட்டு. நாம் ஒரு ஆளை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும், திரையில் வரும் ஜீனி (விளக்குப் பூதம்) கேள்வி கேட்கும், ஆம், இல்லை, தெரியாது, இருக்கலாம், இருக்காது என்று ஐந்தில் ஒன்றைத் தட்டினால் போதும். முதல் வாரம் முழுக்க மாயம்தான் என்று நினைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பவர்களைச் சரிபாதியாக வெட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் 20 கேள்வியில் 10,48,576 பேரைப் பிரித்துவிடலாம். கணக்கு புரிந்த பிறகும் சுவை குறையவில்லை, ஏனென்றால் என்னை அசத்தியது வேறு விஷயம். இரண்டு கேள்விக்குத் தெரியாமல் தப்பாகப் பதில் சொன்ன ஆட்டத்திலும் அது சரியான ஆளிடம் வந்து நின்றது. ஒரு பதில் தப்பானால் அந்தப் பக்கமே கதவைச் சாத்திவிடும் விளையாட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே கோட்டை விட்டிருக்கும்.

ஆளுக்குப் பதில் ஒரு பொருளை நினைத்துக்கொண்டால், கேள்வி கேட்டே அதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு 20கியூ. கனடாக்காரர் ராபின் பர்கனர் 1988-இல் தொடங்கியது, ஆடுகிறவர்கள் சொல்லும் பதில்களிலிருந்தே கற்றுக்கொண்டு வளர்ந்து, பிற்பாடு கையில் வைத்து ஆடும் பொம்மையாகவும் வந்தது. இன்றைக்கும் நன்றாக ஆடுகிறது, ஆனால் கொஞ்ச நாளில் அலுத்துவிடுகிறது.

படம் வரைய வராதவர்களுக்கு கூகுள் 2016-இல் விட்ட குயிக் டிரா. 20 நொடி நேரம், நாம் கிறுக்கக் கிறுக்க அது வாய்விட்டு ஊகித்துக்கொண்டே இருக்கும். நான் சைக்கிள் வரைய ஆரம்பித்து ஒரு வட்டம் போட்டு முடிக்கும் முன்பே நாலு பெயர் சொல்லிவிட்டது. எல்லாம் தப்பு, ஆனாலும் சிரிப்பு.

இப்போது ஒரு வருஷமாக அரட்டை பாட்களோடு, அதாவது நாம் எழுதுவதற்குப் பதில் எழுதும் கணினி நிரல்களோடு, ஆடுகிறேன், என் குறையெல்லாம் இங்கேதான். நாம் நினைத்ததை அது கண்டுபிடிப்பது பரவாயில்லை, ஓரளவு நன்றாகவே செய்கிறது. தலைகீழாக, “நீ ஒரு விலங்கை நினைத்துக்கொள், நான் கேட்கிறேன்” என்றால்தான் குட்டு உடைகிறது. தண்ணீரிலும் நிலத்திலும் இருக்குமா? ஆம். குட்டி போடுமா? ஆம். ரோமம் உண்டா? ஆம். தோற்றுவிட்டேன், சொல் என்றேன். நீர்நாய் என்றது. சும்மா அந்தக் கடைசிப் பதிலை மட்டும் அழித்து மறுபடி கேட்டேன், பீவர் (மரத்தைக் கடித்து ஆற்றில் அணை கட்டும் விலங்கு) என்றது! இரண்டுமே முந்தைய பதில்களுக்குப் பொருந்துகிறது, அதுதான் கொடுமை. அதன் ‘மனதில்’ எந்த விலங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. திரையில் இருக்கும் உரையாடலை வைத்துத்தான் அடுத்த சொல்லை எழுதுகிறது, எழுதாத ரகசியத்தைப் பூட்டிவைக்க அதற்குப் பெட்டி இல்லை. ஒரு மாதமாக நான் தோற்றதெல்லாம் தோல்வியே இல்லை என்று தெரிந்தபோது வந்த எரிச்சலை என்ன சொல்ல.

இப்போது வேறு வழி வைத்திருக்கிறேன். விலங்கின் பெயரை முதலிலேயே எழுதிவிடச் சொல்கிறேன். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், தம்பி அந்த வரியைத் திரைக்கு மேலே தள்ளிவிட்டுப் போனை என்னிடம் கொடுப்பான். அப்படி ஆடினால் ஆட்டம் நேர்மையாகப் போகிறது, தம்பி வாயை மூடிக்கொண்டிருந்தால்.