சுங்கை சிப்புட் உரக்கடை யூரியா: சோளத்துக்குச் சரி, பயற்றங்காய்க்கு வேண்டாம்

சரக்கு நல்லதுதான், 46 சதவீத நைட்ரஜன், குருணை உதிரியாக இருக்கிறது. கடையில் பிரித்துக் கட்டித் தரும் பைதான் மோசம், ஈரம் ஏறிக் கட்டிதட்டிவிடும். டப்பாவில் போட்டு வையுங்கள்.

சோளம் முழங்கால் உயரம் வந்ததும் சதுர மீட்டருக்கு 10 கிராம், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி மண்ணில் புதையுங்கள். மேலே தூவினால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். பூத்தபின் போட்டுப் பெரிய பலனில்லை. சோள மணிகளுக்குப் போகும் நைட்ரஜனில் பெரும்பங்கு இலையும் தண்டும் முன்பே சேர்த்தது. இலைப் புரதம் அமினோ அமிலமாகச் சிதைந்து, புளோயம் என்ற உணவு கடத்தும் குழாய் வழியே கதிருக்கு ஏறுகிறது. அடியிலை நுனியிலிருந்து நடுநரம்போடு சீக்கிரமே மஞ்சளாகிறதா? நைட்ரஜன் பற்றாக்குறைதான்.

பயற்றங்காய்க்கும் இதையே கட்டித் தருகிறார்கள், வாங்காதீர்கள். அதன் வேரில் உருண்டையாக இருக்கும் வேர்முடிச்சில்தான் காற்று நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா இருக்கிறது, அதைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பென்றால் காற்று நைட்ரஜனே போதும். யூரியா கொட்டினால் முடிச்சு குறையும், கொடிதான் கொழுக்கும்.