இ-கோர்ட்ஸ் செயலி: வாய்தா தேதிக்கு நம்பலாம், ‘முடிந்தது’ என்பதை அப்படியே நம்பக் கூடாது

மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ செஷன்ஸ் கோர்ட்டிலோ குற்ற வழக்கு நடக்கும் குடும்பத்துக்கு, அடுத்த வாய்தா என்றைக்கு என்பதே முதல் கவலை. முன்பு அதற்கு வக்கீல் குமாஸ்தாவைத் துரத்த வேண்டும், அல்லது கோர்ட்டில் காத்திருந்து பெஞ்ச் கிளார்க்கைக் கேட்க வேண்டும். இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் இணையதளமும் அதன் கைபேசிச் செயலியும் அந்த அலைச்சலைப் பெரிதும் குறைத்துவிட்டன. கட்டணம் இல்லை. நாடெங்கும் உள்ள மாவட்ட, தாலுகா நீதிமன்ற வழக்குகளை ஒரே இடத்தில் தேடலாம். இங்கே எழுதுவது தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களின் குற்ற வழக்குகளை மட்டும் வைத்து.

தேடுவதற்கு மிகச் சிறந்த வழி சி.என்.ஆர். எண், அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண். மொத்தம் 16 இடங்கள்: முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு இடம் எந்த நீதிமன்றம் என்பதற்கு, பிறகு 6 இலக்க வரிசை எண், கடைசி 4 இலக்கம் ஆண்டு. இடையில் கோடோ இடைவெளியோ இல்லாமல் அடிக்க வேண்டும். வக்கீலிடம் முதல் நாளே இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘சி.சி. 145/2022’ என்று மாஜிஸ்திரேட் கோர்ட் தரும் வழக்கு எண்ணை மட்டும் தெரிந்து வைத்திருப்பது போதாது. ஒவ்வொரு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் ஒரு சி.சி. 145/2022 இருக்கும். மாவட்டம், நீதிமன்ற வளாகம், வழக்கு வகை மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் யாரோ ஒருவருடைய வழக்கு வந்து நிற்கும்.

சி.என்.ஆர். கையில் இல்லையென்றால், பெயரை விட எஃப்.ஐ.ஆர். எண்ணை நம்புங்கள். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு மூன்றையும் கொடுத்தால் வழக்கு வரும். வராவிட்டால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: குற்றப்பத்திரிகை இன்னும் கோர்ட்டில் கோப்புக்கு எடுக்கப்படவில்லை. போலீஸ் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை பரிசீலனைக்குப் போகும், குறை இருந்தால் திரும்பும், சரிசெய்து மறுபடி வரும். அதன் பிறகே சி.சி. எண் விழும். அதனால்தான் வழக்கு விவரத்தில் தாக்கல் தேதி ஒன்றும் பதிவுத் தேதி ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். நகல் மட்டும் தேவையென்றால் இந்தச் செயலியில் தேடிப் பயனில்லை, தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைக்குப் போக வேண்டும். உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றின் எஃப்.ஐ.ஆரைப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது.

பெயர்த் தேடலில் தமிழ்ப் பெயர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கும். இனிஷியல் முன்னால் வரலாம், பின்னால் வரலாம். ‘ழ’ வரும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழுப் பெயரையும் அடிக்காமல் நடுவில் மாறாத நாலைந்து எழுத்தை மட்டும் கொடுங்கள். குற்ற வழக்கில் மனுதாரர் இடத்தில் இன்ஸ்பெக்டரோ அரசோ இருப்பார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் எதிர்மனுதாரர் வரிசையில் இருப்பார்.

வழக்கு திறந்ததும் பார்க்க வேண்டியவை அடுத்த வாய்தா, வழக்கு நிற்கும் கட்டம், கீழே உள்ள வாய்தா வரலாறு. தேதி விஷயத்தில் இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ ஏறிவிடுகிறது. தேதி காலியாக இருந்தால் இன்னும் ஏற்றவில்லை என்று மட்டுமே பொருள், வழக்கு நின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். வரலாற்றில் ஒவ்வொரு தேதியையும் தொட்டால் அன்று நடந்தது ஓரிரு வரியில் வரும். அந்த வரியின் தரம் அந்தந்தக் கோர்ட் ஊழியரைப் பொறுத்தது. சில கோர்ட்டுகளில் எந்தச் சாட்சி வந்தார், எந்த மனு அனுமதிக்கப்பட்டது என்றுவரை இருக்கும். சிலவற்றில் அடுத்த தேதியைத் தவிர எதுவும் இராது.

கட்டம் என்ற இடத்தில் ‘என்.பி.டபிள்யூ.’ என்று கண்டால் அன்றே வக்கீலைக் கூப்பிடுங்கள். பிடி வாரண்ட் பிறப்பிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வாய்தாவுக்கு ஆள் வராமல், அன்று நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கும் 317 மனுவும் போடாமல் விட்டால் இதுதான் நடக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அந்த 317 பிரிவு 355 ஆகிவிட்டது, ஆனால் கோர்ட் வராண்டாவில் பழைய எண்தான் வாயில் வருகிறது. வாரண்டைத் திரும்பப் பெறும் மனுவை (பழைய 70(2), இப்போது 72(2)) போலீஸ் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, அடுத்த வேலைநாளில் ஆளை நேரில் நிறுத்திப் போடுவது நல்லது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ‘வேண்டுமென்றே தலைமறைவாக இருந்தார்’ என்ற வாதத்துக்கு வலு சேர்க்கும்.

இந்தச் சேவையில் மிக ஆபத்தான சொல், வழக்கு முடிந்துவிட்டது என்று காட்டும் ‘டிஸ்போஸ்டு’. எத்தனையோ குடும்பங்கள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகின்றன. இரண்டு இடங்களில் அது பெரும் தவறு.

முதலாவது, பி.ஆர்.சி. எனப்படும் பூர்வாங்கப் பதிவு வழக்கு. கொலை போல செஷன்ஸ் கோர்ட் மட்டுமே விசாரிக்கக்கூடிய வழக்கு, முதலில் மாஜிஸ்திரேட்டிடம் பி.ஆர்.சி. எண்ணில் பதிவாகும். ஆவண நகல்களைக் கொடுத்தபின் பி.என்.எஸ்.எஸ். 232இன் கீழ் (பழைய 209) மாஜிஸ்திரேட் அதைச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒப்படைப்பார். அந்த நாளோடு பி.ஆர்.சி. ‘முடிந்தது’ ஆகிவிடும். உண்மையில் வழக்கு அப்போதுதான் தொடங்குகிறது. செஷன்ஸ் கோர்ட்டில் அதற்கு எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்ற புது எண்ணும் தனி சி.என்.ஆரும் விழும். பழைய பக்கத்தில் புதிய எண்ணைத் தேடி ஏமாற வேண்டாம். அதே எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொடுத்து, இம்முறை செஷன்ஸ் கோர்ட் இருக்கும் வளாகத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.

இரண்டாவது, பிரித்த வழக்கு. ஐந்து பேர் மீதான வழக்கில் மூன்றாவது ஆள் வராமலே இருந்தால், மற்ற நான்கு பேரின் விசாரணை தடைபடக் கூடாது என்று அவருடைய வழக்கை மட்டும் பிரித்துப் புது எண் கொடுப்பார்கள். மூல வழக்கில் நான்கு பேரும் விடுதலையானால், பக்கத்தில் ‘விடுதலை’ என்றே இருக்கும். மூன்றாவது ஆளோ தன் வழக்கும் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவர் பெயரில் பிடி வாரண்ட் உயிரோடு இருக்கும், பாஸ்போர்ட் விசாரணையின்போது அது முன்னால் வந்து நிற்கும். ஆகவே ‘முடிந்தது’ என்று கண்டவுடன், எப்படி முடிந்தது என்ற வரியையும் படியுங்கள்: தண்டனை, விடுதலை, குற்ற ஒப்புதல், சமரசம், ஒப்படைப்பு, பிரிப்பு. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விளைவு. இந்த வேறுபாட்டைச் செயலி பெரிய எழுத்தில் காட்டாதது உண்மையான குறை.

தீர்ப்பு ஏற்றப்பட்டிருந்தால் பி.டி.எஃப். ஆக இறங்கும். படிக்க நல்லது, ஆனால் அது சான்றிட்ட நகல் ஆகாது; மேல்முறையீட்டுக்கு அதை இணைக்க முடியாது. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை அன்றே இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 404. கேட்டு வாங்குங்கள். மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராகச் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம், தீர்ப்பு இணையத்தில் ஏறட்டும் என்று காத்திருந்தால் அதில் பாதி போய்விடும். பாலியல் குற்ற வழக்குகளின் ஆவணங்கள் பொதுவாகத் திறக்காது. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதே காரணம், அது சரியானதே.

வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் பெண் பார்ப்பவர்களும் இங்கே பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. காவல் நிலையமும் குற்ற எண்ணும் பொருந்தாமல் யாரையும் குற்றவாளி என்று முடிவு செய்யாதீர்கள். விடுதலையான பிறகும் பெயர் தேடலில் வந்துகொண்டே இருப்பது பலரின் பிழைப்பைக் கெடுக்கிறது, இதற்கு ஒரு தெளிவான விதி அவசரமாகத் தேவை.

செயலியில் வழக்கைச் சேமித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். ஆனால் சேமித்த பட்டியல் தானாகப் புதுப்பிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வாய்தாவுக்கு முந்தின நாள் புதுப்பிக்கும் பொத்தானைத் தட்டிவிட்டுத்தான் தேதியைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பழைய தேதியே கண்ணில் படும். பட்டியல் கைபேசியிலேயே இருப்பதால், போனை மாற்றுமுன் ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், இ-சேவை மையம் உள்ள நீதிமன்ற வளாகத்தில் சி.என்.ஆர். எண்ணைக் காட்டி அடுத்த தேதியைக் கேட்டுக்கொள்ளலாம்.