பிஎல்டிசி ஃபேன்: மூன்று கோடை ஓடிய பிறகு

வாங்கிய முதல் வாரத்தில் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) சீலிங் ஃபேன் எல்லாருக்கும் பிடித்துவிடும். சத்தம் குறைவு, படுத்தபடியே ரிமோட்டில் வேகம் மாற்றலாம். மூன்று கோடை ஓடிய பிறகுதான் சுயரூபம் தெரியும்.

முதலில் கரண்ட் கணக்கு. 1200 மி.மீ. சாதா ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி சுமார் 30. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் 200 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த விலை 1,200 என்றால் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் இது முழு வேகக் கணக்கு. இரண்டாம் நம்பரில் வைத்துத் தூங்குகிறவர்கள் வீட்டில் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்ட சாதா ஃபேனே குறைவாகத்தான் இழுக்கும், மிச்சம் சுருங்கிவிடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தொடாத வீட்டுக்கு லாபமே கிடையாது, அது ஏற்கெனவே இலவசம். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்குத்தான் உண்மையான ஆதாயம். அந்தக் கோட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கான சலுகை விலையும் போய்விடும்.

பில்லைவிடப் பெரிய நன்மை லோ வோல்டேஜில். மாலையில் 170 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்களில் சாதா ஃபேன் உயிரில்லாமல் சுற்றும். பிஎல்டிசி வேகம் குறையாமல் ஓடும். இன்வெர்ட்டரிலும் அப்படியே. நாலு சாதா ஃபேனுக்கு 300 வாட், நாலு பிஎல்டிசிக்கு 120. நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கிய இடத்தில் எட்டு மணி நேரம்வரை தாங்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சாதா ஃபேன் போடும் அந்த உறுமலும் இருக்காது.

மாட்டும்போது நடக்கும் முக்கியமான தப்பு, பழைய ரெகுலேட்டரை லைனிலேயே விட்டுவிடுவது. பிஎல்டிசி ஃபேனுக்குள்ளே மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு முழு சப்ளை நேராக வர வேண்டும். ரெகுலேட்டர் வழியாக வெட்டுப்பட்டு வந்தால் ஃபேன் விட்டுவிட்டு ஓடும், நாளடைவில் போர்டு போகும். ‘அஞ்சுல வச்சுட்டா போதும்’ என்று எலக்ட்ரீஷியன் சொல்வார்; வீட்டுக்கு வந்த விருந்தாளி திருகும்வரைதான் அது போதும். ரெகுலேட்டரைக் கழற்றி இரண்டு வயரையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள். இறக்கைகள் எடை பார்த்து ஒரே செட்டாக வருபவை. மூன்று ஃபேனை ஒரே நாளில் மாட்டும்போது அவை கலந்துவிட்டால் ஆட்டம் நிற்காது. ஒட்டடை துடைக்கும்போது இறக்கையை அழுத்தி வளைத்தாலும் இதே கதைதான்.

சுவிட்ச் போட்டதும் ஃபேன் லேசாகப் பின்னால் அசைந்து பிறகு முன்னால் சுற்றும். பயப்பட வேண்டாம், ரோட்டர் (மோட்டாரில் சுற்றும் பாகம்) எங்கே நிற்கிறது என்று போர்டு பிடித்துக்கொள்கிற நேரம் அது. ஒரே ஹாலில் ஒரே கம்பெனியின் இரண்டு இன்ஃப்ராரெட் ஃபேன் இருந்தால், ஒரு ரிமோட் இரண்டையும் இயக்கும். ரிமோட்டைத் தொலைத்தால் பல மாடல்களில் வேகம் மாற்ற வழியே இல்லை. சுவரில் ஸ்டாண்டு அடித்து மாட்டிவைப்பது நல்லது. ரிமோட்டில் மட்டும் அணைத்தால் போர்டில் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போகும்போது சுவிட்சையும் அணையுங்கள்.

இனி வலிக்கிற இடம். சாதா ஃபேன் வேகம் குறைந்தால் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று மாற்றினால் முடிந்தது. காயில் எரிந்தால் தெருமுனையில் கட்டித் தருவார்கள். பிஎல்டிசியில் மோட்டார் அரிதாகத்தான் போகும், போவது போர்டு. பீப் சத்தம் வரும், இறக்கை சுற்றாது. அல்லது உதறிவிட்டு நிற்கும். இடி, கட் ஆகி வரும்போது எகிறும் வோல்டேஜ், நியூட்ரல் கட் ஆவது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். காயில் கட்டும் கடையில் இதற்கு வேலை இல்லை. கம்பெனி ஆள் போர்டோடு வர வேண்டும். மாடல் நிறுத்தப்பட்டிருந்தால் அந்தப் போர்டும் கிடைக்காது, நல்ல மோட்டார் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

அதனால் வாட்டில் இரண்டு குறைவு, ஸ்டாரில் ஒன்று அதிகம் என்று பார்ப்பதைவிட, உங்கள் ஊருக்கு சர்வீஸ் ஆள் வருகிறாரா, வாரண்டி போர்டுக்கும் சேர்த்தா, மோட்டாருக்கு மட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் மாற்றத் தேவையில்லை: அதிக நேரம் ஓடும் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் போதும், நாளுக்கு அரை மணி ஓடும் சாப்பாட்டு அறையில் பழையதே இருக்கட்டும். மாட்டுவதற்கு முன் ஃபேன்மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸுக்கு ஃபோன் செய்தால் முதலில் கேட்பது அதைத்தான். மாட்டிய பிறகு ஸ்டூல் போட்டு ஏறினாலும் படிக்க முடியாத இடத்தில்தான் அதை ஒட்டியிருப்பார்கள்.