ட்ரெய்லரில் வயர்லெஸ் கேமரா: படம் போனால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்

அமெரிக்காவில் 2018 மே 1 முதல் தயாராகும், 10,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட புதிய வண்டிகளில் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். ஆனால் டிராவல் ட்ரெய்லரை (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) மாட்டிவிட்டால் அந்தக் கேமராவுக்குத் தெரிவது ட்ரெய்லரின் முன்சுவர்தான். உள் கண்ணாடியிலும் அதே சுவர். 25 அடி ட்ரெய்லருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் காரை டோயிங் மிரர் (இழுக்கும்போது பயன்படும் நீண்ட பக்கவாட்டுக் கண்ணாடி) எவ்வளவு அகலமாக இருந்தாலும் காட்டாது. ட்ரெய்லர் கேமராவை ரிவர்ஸுக்கென்றே வாங்குகிறோம். நாளாவட்டத்தில் அதிகம் பயன்படுவது நெடுஞ்சாலையில், ஓடும்போது.

இங்கே விற்கும் பல ட்ரெய்லர்களின் பின்சுவர் உச்சியில் ஃபுரியன் என்ற பிராண்டின் கேமராவுக்கான பிராக்கெட்டும் வயரும் கம்பெனியிலேயே வந்துவிடும். மூடியைக் கழற்றி, இரண்டு வயரை இணைத்து, திருகை முடுக்கினால் அரை மணி நேர வேலை. அந்த வயருக்குக் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் மார்க்கர் லைட் (ட்ரெய்லரின் ஓரங்களில் எரியும் சிறு விளக்குகள்) சர்க்யூட்டிலிருந்து. அதாவது இழுக்கும் டிரக்கில் பார்க்கிங் லைட்டாவது எரிந்தால்தான் கேமரா உயிர்பெறும். ஆட்டோ ஹெட்லைட்டை நம்பிப் பகலில் கிளம்பினால் திரை கறுப்பாகவே இருக்கும். டேடைம் ரன்னிங் லைட் (பகலில் தானே எரியும் முன்விளக்கு) எரிவதெல்லாம் கணக்கில் சேராது, ட்ரெய்லருக்கு அதிலிருந்து கரன்ட் போகாது.

"சிக்னல் கட்டாகிறது" என்ற புகார் பல நேரம் உண்மையில் கரன்ட் கோளாறு. இரண்டையும் பிரித்தறிவது சுலபம். சிக்னல் குறைந்தால் படம் உறையும், கட்டம் கட்டமாக உடையும், சற்று நேரத்தில் தானே சரியாகும். கரன்ட் போனால் படம் ஒரேயடியாக மறையும், திரும்பி வரச் சில விநாடிகள் பிடிக்கும். இண்டிகேட்டர் போடும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ படம் துடித்தால் பெரும்பாலும் கிரவுண்ட் (கரன்ட் திரும்பிப் போகும் இணைப்பு) சரியில்லை. டிரக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கும் 7 பின் பிளக்கைப் பிரித்து, பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்து டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின் இணைப்பில் ஈரம் புகாமல் காக்கும் பசை) தடவினால் பல நாள் தலைவலி அன்றே தீரும். படமே அடியோடு வரவில்லையென்றால் டிரக்கில் ட்ரெய்லர் பார்க்கிங் லைட்டுக்கான ஃபியூஸ் போயிருக்கலாம். அப்போது வால் விளக்கும் எரியாது. இருட்டுவதற்குள் இறங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

புதிய டிரக்குகள் சிலவற்றில் ட்ரெய்லர் விளக்குக்குச் சீரான 12 வோல்ட் போகாமல் துடிப்புத் துடிப்பாகப் போகும். எல்இடி விளக்குக்கு அது போதும், கேமரா அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். இதற்கு உருப்படியான வழி, ட்ரெய்லர் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸும் ஒரு சுவிட்சும் வைத்துத் தனி வயர் இழுப்பது. பகலில் லைட் போட வேண்டிய கட்டாயமும் இதோடு போய்விடும். ஆனால் முகாமுக்குப் போனதும் சுவிட்சை அணைக்க மறந்தால், கேமரா 0.2 ஆம்பியர் இழுப்பதாக வைத்தால்கூட ஒரு நாளில் கிட்டத்தட்ட 5 ஆம்பியர்-அவர் போய்விடும். வயர் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். ட்ரெய்லருக்கு ட்ரெய்லர் நிறம் மாறும். டெஸ்ட் லைட்டோ மல்டிமீட்டரோ வைத்து உறுதிசெய்த பிறகே வெட்டுங்கள்.

உண்மையான சிக்னல் கோளாறும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அலுமினியச் சுவரும் எஃகு கேபினும் தடை. டிரக்கின் பின்கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள டின்ட் ஃபிலிம் இருந்தால் இன்னும் மோசம். பெட்டியில் அச்சடித்திருக்கும் தூரம் திறந்தவெளிக் கணக்கு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மானிட்டரை டேஷ்போர்டின் ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். போதவில்லையென்றால் ஆன்டெனா எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு கேமராவின் ஆன்டெனாவை ட்ரெய்லரின் முன்பக்கம் கொண்டுவாருங்கள். பழைய அனலாக் வகையையும், வைஃபை மூலம் போனில் காட்டும் வகையையும் டோயிங்குக்கு வாங்கவே வேண்டாம். இன்டர்நெட் இல்லாத வைஃபை என்று போன் தானே தொடர்பை விட்டுவிடும், அதுவும் சரியாக லேன் மாறும் நேரத்தில்.

டிஜிட்டல் கேமராவிலும் படம் சற்றுப் பிந்தித்தான் வரும். 0.2 விநாடி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது திரையில் காண்பதைவிட ட்ரெய்லர் 28 சென்டிமீட்டர் பின்னால் போயிருக்கும். மரத்தில் இடிக்க அது தாராளம். திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் உங்கள் ட்ரெய்லரின் உயரத்துக்கு அளந்தவை அல்ல, மெனுவில் அணைத்துவிடுங்கள். அதற்குப் பதில் பம்பரிலிருந்து 3 அடி, 10 அடி தூரத்தில் தலா ஒரு கோன் வைத்து, திரையில் அவை தெரியும் இடத்தில் மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஆள் நின்று வழிகாட்டுவதற்கு இதுவும் ஈடாகாது. படம் கண்ணாடிபோல் இடம்வலம் மாறித் தெரியும்படி செட் செய்திருக்கிறதா என்பதை ஒருவரைப் பின்பக்க இடது மூலையில் நிற்கவைத்துச் சோதியுங்கள்.

அகலக்கோண லென்ஸில் பின்னால் வரும் கார் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். லாரியைத் தாண்டியபின் உடனே லேன் மாற இதை நம்பக் கூடாது. பக்கவாட்டுக் குருட்டிடமும் இதில் தெரியாது. லேன் மாற மிரர்தான்.

மழையிலும் மண்சாலையிலும் ட்ரெய்லரின் பின்சுவரில் காற்றழுத்தம் குறைந்து தூசியையும் சேற்றுநீரையும் உள்ளிழுக்கும். லென்ஸ் முதலில் மங்கும். பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் நீளக் கைப்பிடி வைத்த மைக்ரோஃபைபர் துடைப்பானால் ஒரு துடை. இரவு மழையில் இன்ஃப்ராரெட் விளக்கு துளிகளில் பட்டுத் திரும்பித் திரையை வெளுக்கும். அதை அணைக்கும் வசதி மெனுவில் இருந்தால் அணைத்துவிடுங்கள், பின்னால் வரும் வண்டிகளின் ஹெட்லைட் மட்டுமே தெரிந்தாலும் போதும்.

புதிதாகத் துளை போட்டுப் பொருத்துகிறவர்கள் பிராக்கெட்டின் அடியில் ப்யூட்டில் டேப் (நீர் புகாத ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து, மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் வழியாத வகை சீலன்ட் பூசுங்கள். கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற வேண்டும். சாதா சிலிக்கான் வேண்டாம். அது உரிந்தால் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது, நீர் சுவருக்குள் இறங்கியது தெரியவரும்போது உள்ளே மரம் ஊறிப்போயிருக்கும்.